ஆறாவது பெண்

துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததுண்டா நீங்க?

சிரிக்காதீங்க. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்தக் கண்டக்டர் இருக்கிறாரே, அவரும் இப்படித்தான் சிரித்தார், உங்க சம்சாரத்தை அனுப்புவீங்களா என்று போன வாரம் கேட்டதற்கு. ஜன்னல் பக்கம் நீங்க உட்காருங்க, எனக்குக் காற்று முக்கியமில்லை. பாளையங்கோட்டையா இறங்குவது? நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் சொல்லி முடித்துவிடலாம். முடியாவிட்டால் நானும் இறங்கி உங்ககூட நடந்துகொண்டே சொல்கிறேன்.

என்னது, டீச்சரா? அப்படியானால் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன்.

நான் தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுகிறவள். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைக் குவித்துப் போடுவார்கள். சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். நடுவில் நின்று விலையை ஏற்றுகிறது என் தொண்டை. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்கள் எல்லாம் இப்போது விடிந்தால் என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. அதற்கு மேல் எனக்குப் பாடம் நடத்தினது எல்லாம் ஏமாற்றினவர்கள்தான். தராசுத் தட்டை முழங்காலால் அமுக்கினவன் ஒருத்தன். பனிக்கட்டியையும் மீனோடு சேர்த்து நிறுத்தவன் ஒருத்தன். நம்ம சத்தம் குறைந்தால் எவனும் ஏறி மிதிப்பான். நான் படித்த பாடம் அது ஒன்றுதான், ஆனால் நன்றாகப் படித்தேன்.

பேரம் பேசாமல் நான் எதையும் வாங்கினதில்லை டீச்சர். பிரசவத்தில்கூட டாக்டரம்மாவிடம், நாளைக்கு என்று சொல்லாதீங்க, இன்றைக்கே முடித்துக் கொடுங்க என்று மல்லுக்கு நின்றேன். அன்றைக்கே பிறந்தாள். அவள்தான் வினோலியா. ஒரே பிள்ளை. அவள் அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருந்தாலும் இல்லாத மாதிரி, அப்படி ஒரு அமைதி. மகளும் அதே வார்ப்பு. என்னிடமிருந்து அவளுக்கு வந்தது இந்தத் தோள் மட்டும்தான்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். அங்கே துப்பாக்கி பிடித்தவளை யாரோ கூட்டிக்கொண்டு போய்த் தட்டு சுடுகிற இடத்தில், ரேஞ்ச் என்பார்கள், அங்கே விட்டார்கள். அந்தப் போட்டிக்கு டிராப் என்று பேர். எங்க ஊருக்குத் தெற்கே தேரிக்காட்டில், செம்மண் மேட்டுக்கு முன்னால் ஒரு கிளப். தரைக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் மிஷின். நீங்க பின்னால் நின்று சத்தம் கொடுக்கணும். சத்தத்தைக் கேட்டு மைக் வேலை செய்யும், தட்டு ஒன்று சீறிக்கொண்டு வெளியே வரும். தாரும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்துச் செய்தது, உள்ளங்கை அகலம்தான். இடமா, வலமா, நேரா, முன்கூட்டி யாருக்கும் தெரியாது. கீழே விழுகிறதற்குள் சுட்டு உடைக்கணும். ஒரு தட்டுக்கு இரண்டு குழல், இரண்டு தோட்டா. முதலாவது தவறினால் இரண்டாவது.

என் மகள் உடைப்பாள். டீச்சர், அதை நீங்க பார்க்கணும். வாயிலிருந்து வருகிற சத்தம் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காது. தட்டு வரும், துப்பாக்கி லேசாகத் திரும்பும், அவ்வளவுதான். பெருச்சாளி மாதிரி ஓடுகிற தட்டு நடுவானத்தில் கறுப்பு மாவாகிவிடும். உடைத்துவிட்டுச் சிரிக்கக்கூட மாட்டாள்.

வட்டாரப் போட்டி வந்தது. அதில் ஜெயித்தால் ஜூனியர் பிரிவில் மாநில அணிக்குத் தேர்வு. இந்த வருஷத்தோடு அவளுக்கு ஜூனியர் வயது முடிகிறது. பெரியவர்கள் பிரிவுக்குப் போனால் இருபது வருஷமாகச் சுடுகிறவர்களோடு மோதணும். கிளப் துப்பாக்கியும் தோட்டாவும்கூட ஜூனியர் என்பதால்தான் காசில்லாமல் கிடைக்கிறது. ஆக, இது போனால் எல்லாம் போச்சு. புரியுதா?

அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. இங்கே எல்லா வயதுக்கும் ஒரே பெண்கள் பிரிவு, அது நடக்கணும் என்றால் ஆறு பேர் வேணுமாம். சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு, ஆறு பேரும் மூன்று சுற்றையும் சுட்டு முடிக்கணுமாம். ஐந்து பேர் என்றால் செல்லாது. எங்க ஜில்லாக்களில் தேடினால் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். கோவில்பட்டியில் ஒரு பல் டாக்டர், நாகர்கோவிலில் அக்கா தங்கச்சி இரண்டு பேர், ஒரு போலீஸ்காரப் பிள்ளை, அப்புறம் என் மகள். ஆறாவதாக இருந்தவள் கல்யாணம் முடித்து மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு வேறு வருஷம் கிடைக்கவில்லை பாருங்க!

கோச் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான். இசக்கித்துரை என்று பேர், பட்டாளத்தில் இருந்து வந்தவன், நல்ல பையன். வினோலியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“நான் வாரேன்,” என்றேன்.

“எங்க?” என்றாள்.

“ஆறாவது ஆளா. எனக்கு என்ன கை இல்லையா?”

கோச் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவள் என்னைப் பார்த்தாள். “வேண்டாம்மா. வேற யாரையாவது பாப்போம்,” என்றாள். என் தோள் வலிக்குமே என்ற பாசம். பிள்ளை அப்படித்தான், மனதில் இருப்பதைச் சொல்லமாட்டாள்.

வேறு யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

“ரேஞ்சுல நீ யார்கூடயும் பேசக் கூடாது.”

“ஏட்டி, ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கூடாதா?”

“வணக்கம் சொல்லலாம்.”

“தண்ணி வேணும்னா?”

“என்கிட்ட கேளு.”

“துப்பாக்கியில கோளாறுன்னா?”

“ம்மா...”

“சரிடி, சரி. வணக்கம், தண்ணி, கோளாறு. மூணோட நிறுத்திக்கிடுதேன்.”

இப்படித்தான் டீச்சர், ஐம்பது வயதில் தொடங்கினேன். காலையில் ஏலத்தை முடித்துவிட்டு, மீன் வாசனை போகக் குளித்து, சுடிதார் போட்டுக்கொண்டு போவேன். முதல் நாள் புடவையோடு போய்விட்டேன். முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்து அதன் மேல் துப்பாக்கிக் கட்டையை வைத்தேன், மெத்தென்று இருக்கட்டும் என்று. இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். வழுக்கிக்கொண்டு வந்து தாடையில் குத்தியது. ஒரு வாரம் கஞ்சிதான் குடித்தேன். தோள் கன்னிப்போய் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அந்த மாசத்தில் அவர் பேசினது அதுதான். “எண்ணெய் வேணுமா?” என்றார்.

துப்பாக்கியைப் பிடிக்கிறதுக்கு முன்னால் அதைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தான். நடுவில் மடங்கும், டீச்சர். மடக்கித் திறந்து வைத்திருந்தால் அது வெறும் கம்பி, யாருக்கும் பயமில்லை. சுடுகிற இடத்தில் நின்ற பிறகுதான் மூடணும். சுட்டதும் திறக்கணும். “யக்கா, மூடின துப்பாக்கி முன்னாடி மட்டும்தான் பாக்கணும். வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீய.” இதை நூறு தடவை சொன்னான். எனக்கு மறதியே கிடையாது. யார் எந்த வருஷம் எத்தனை கூடை நெத்திலிக்குக் கை தூக்கினான் என்று கேளுங்க, சொல்கிறேன்.

என் குரலால்தான் முதலில் தகராறு. சுட நிற்கிற கட்டத்தை நிலை என்பார்கள்; நான் என் நிலையில் நின்று, பக்கத்து நிலைக்காரரிடம், அது அவர் முறை என்று சொன்னால்கூட மைக்குக்குக் கேட்டுவிடும். தட்டு பறந்துவிடும். ஒருநாள் தும்மினேன், அதற்கும் ஒரு தட்டு போனது. “மைக்கைப் பழுது பாருங்கய்யா,” என்றேன். மிஷினைக் குறை சொல்லாமல் என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் தலை. கன்னத்தைக் கட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு, தட்டு போகிற வழியிலேயே துப்பாக்கியையும் கொண்டுபோய், நிறுத்தாமல் சுடணும். நிறுத்தினால் தோட்டாவுக்குள் இருக்கிற ரவை தட்டுக்குப் பின்னால் போய்விடும். இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஏலத்திலும் அப்படித்தான், அவன் கை மேலே வருகிறதுக்கு முன்னாலேயே அடுத்த விலையைச் சொல்லிவிடணும். ஆனால் சுட்டதும் தலையைத் தூக்கிவிடுவேன். பட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டாமா? “பாக்காதீய யக்கா. தலை தூக்கினா குழலும் தூக்கிரும். பட்டா பட்டுச்சு, படலேன்னா படலே.” அதெப்படித் தம்பி, பொருளைப் பார்க்காமல் விட முடியுமா?

ஒரு மாசம் ஒன்றுகூடப் படவில்லை. சுட்டுச் சுட்டு செம்மண் மேட்டைத்தான் அடித்தேன். வானமும் மண்ணும் தட்டும் எல்லாம் எனக்கு ஒரே நிறமாகத் தெரிந்தது. ஒருநாள் அழுகையே வந்துவிட்டது. அப்போது இசக்கி ஆறுதலாக ஒன்று சொன்னான். “யக்கா, நீங்க ஒண்ணுகூட அடிக்க வேண்டாம். எழுபத்தஞ்சு தட்டும் தவறினாலும் சரி. நின்னு முடிச்சா போதும், கணக்குக்கு ஆறு வந்துரும்.”

நின்னு முடிச்சா போதுமாம்! என்னைப் பார்த்து! சோளக்கொல்லைப் பொம்மையா நான்? அன்றைக்கு ராத்திரி அவளிடம் கேட்டேன், நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று. “ஆமாம்மா. நீ நின்னா போதும். அதுவே பெரிசு,” என்றாள். பெரிசு என்று சொன்னாள், ஆனால் எனக்கு அது உறைத்துவிட்டது. சும்மா நிற்கிறதுக்கு நான் பிறக்கவில்லை.

மறுநாளிலிருந்து பாருங்க. தோளில் துணியைக் கட்டிக்கொண்டு சுட்டேன். முதல் தட்டு உடைந்த அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அடுத்த தட்டு தானாகப் பறந்தது. வினோலியா தூரத்தில் நின்றாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள், டீச்சர். இப்படி. என் பிள்ளை என்னைப் பார்த்து அப்படிக் காட்டினது அதுதான் முதல் தடவை. அதற்காக இன்னொரு தோளையும் கொடுக்கலாம்.

வாகைக்குளம் வந்துவிட்டதா? சுருக்கமாகச் சொல்கிறேன்.

போட்டி அன்றைக்கு நல்ல வெயில். நடுவர் மதுரையிலிருந்து வந்தவர், வெள்ளைத் தொப்பி, முகத்தில் ஒரு அசைவும் கிடையாது. வியாபாரிகளில் அப்படி ஒரு ரகம் உண்டு, நான் நம்புகிறதில்லை. வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் சுற்றில் நாலு உடைத்தேன். இரண்டாவதில் ஏழு. வாயைத் திறக்கவில்லை டீச்சர், சத்தியமாக. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வினோலியா எல்லோருக்கும் மேலே. பல் டாக்டர் அவளைவிட மூன்று தட்டு கீழே. மூன்றாவது சுற்றும் முடிகிற நேரம், ஆளுக்கு நாலைந்து தட்டுதான் பாக்கி. அந்தச் சுற்றில் எனக்கு ஒன்பது ஆகியிருந்தது. பத்து என்றால் ஒரு மரியாதை, இல்லையா? ஒன்பதுக்கும் பத்துக்கும் இருக்கிற வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், நீங்க மார்க் போடுகிறவங்க.

சத்தம் கொடுத்தேன். தட்டு வலது பக்கம் போனது. சுட்டேன். தூசி பறந்தது! புகை மாதிரி, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆமாம், தலையைத் தூக்கித்தான் பார்த்தேன், பார்க்காமல் எப்படித் தெரியும்? பட்டுவிட்டது என்று இரண்டாவது குழலைச் சுடவில்லை. பட்டதை எதற்கு இன்னொரு தடவை சுடணும்? தட்டு போய்க்கொண்டே இருந்தது, அது வேறு விஷயம்.

நடுவர், “லாஸ்ட்,” என்றார். படவில்லை, போச்சு என்று அர்த்தமாம்.

தூசி பறந்தால் போதாதாம். துண்டாக ஒன்று பிரிந்து விழுகிறது கண்ணுக்குத் தெரியணுமாம். அப்படியானால் தூசி எங்கேயிருந்து வந்தது? என் அப்பன் வீட்டிலிருந்தா? ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையைத் தூக்கணும் என்று இசக்கி சொல்லிக்கொடுத்திருந்தான். கையைத் தூக்கி, துப்பாக்கியைத் திறந்து, அப்புறம் பேசணுமாம். டீச்சர், கையைத் தூக்குகிறவன் வாங்குகிறவன். நான் கூறுகிறவள். என் ஆயுசில் நான் கை தூக்கினதில்லை.

திரும்பினேன்.

மனுஷனோடு பேசணும் என்றால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாமா? அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். செம்மண் மேட்டிடமா நான் நியாயம் கேட்க முடியும்? திரும்பி, “சார், தூசி பறந்துச்சு, எல்லாரும் பாத்தாங்க. முழுசா வேண்டாம், பாதியாவது போட்டுக் கொடுங்க,” என்றேன். மரியாதையாகத்தான் கேட்டேன். பாதிக்கு இறங்கி வந்தேன். அதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறீங்க?

துப்பாக்கியா? கையில்தான் இருந்தது. மூடித்தான் இருந்தது. இரண்டாவது குழலில் தோட்டா இருந்தது, அதுவும் உண்மைதான். விரல் விசையில் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் என்ன நடந்தது தெரியுமா? பல் டாக்டர் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். மார்க் எழுதுகிறவர் நாற்காலியோடு சாய்ந்தார். நாகர்கோவில்காரிகள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கீழே. நான் பேசினது யாருக்கும் காதில் விழவில்லை. இவ்வளவு கூட்டத்தில் நான் பேசி யாரும் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். பக்கவாட்டிலிருந்து இசக்கி வந்தான். கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, “யக்கா, அப்படியே நில்லுங்க,” என்றான். குழலைப் பிடித்து மேலே தூக்கினான், திறந்தான், தோட்டாவை எடுத்துப் பையில் போட்டான்.

நடுவர் எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டு சிவப்பு அட்டையைக் காட்டினார்.

விடுவேனா? மஞ்சள் ஆக்குங்க என்றேன். சரி, என்னை வெளியே அனுப்புங்க, பேரை மட்டும் வெட்டாதீங்க என்றேன். நான் உடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்க, பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்க, ஆறு பேர் என்று மட்டும் எழுதுங்க என்றேன். மண்டி போட்டேன் டீச்சர், அந்த வெயிலில், சிமெண்டில். அந்த மனுஷன் சொன்னது ஒரே வார்த்தை. “முடிச்சது அஞ்சு பேர்தாம்மா.”

பெண்கள் பிரிவு செல்லாது என்று மைக்கில் அறிவித்தார்கள்.

வினோலியா அவள் நிலையிலேயே நின்றிருந்தாள். துப்பாக்கியைத் திறந்தாள், இரண்டு தோட்டாவையும் எடுத்தாள், பையில் போட்டாள், நடந்து போனாள். அவள் ஜெயித்திருப்பாள். அன்றைக்கு அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு இருக்கும்போது போய்ப் பிடித்தேன். “ஏட்டி, தூசி பறந்துச்சா இல்லையா? நீயே சொல்லு,” என்றேன்.

துடைத்துக்கொண்டே சொன்னாள். “எல்லாரும் குனிஞ்சாங்கம்மா. நானும் குனிஞ்சேன்.”

எதற்குக் குனியணும்? நான் பெற்றவள். பெற்ற பிள்ளையைச் சுடுவேனா நான்? இதைக் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், அந்த இடத்திலேயே கேட்டேன், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கேட்டேன், அவள் அறைக்கதவைத் தட்டித் தட்டிக் கேட்டேன். மறுவாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்துவிட்டாள். வண்ணார்பேட்டையில் பெண்கள் விடுதி, ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி எடுக்கிறாளாம். ஏலம் இல்லாத நாளெல்லாம் நான் இந்த பஸ்ஸில் போய் விடுதி வாசலில் நிற்கிறேன். வார்டன் அம்மா வருவார், சாப்பிட்டாளா என்று நான் கேட்டால் சாப்பிட்டாள் என்பார். இறங்கி வரச்சொல்லுங்க என்றால், “போட்டி முடியட்டும்னு சொல்லுதா” என்பார். முடிந்தால் வருவாளா என்று கேட்டால் அந்த அம்மா கதவைப் பார்ப்பார்.

கோபம்தான். ஆறிவிடும். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

அது செல்லாமல் போனதால் இன்னொரு போட்டி வைக்கிறார்கள், டீச்சர். இந்த வருஷத்துக்குள், அதுதான் கடைசி. அதற்கும் ஐந்து பேர்தான். எனக்கு ஒரு வருஷத்துக்குத் தடை, கேட்டுக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் இசக்கி விடமாட்டான். அதனால்தான் ஆள் தேடுகிறேன். கேட்காத ஆள் இல்லை. எங்க மார்க்கெட்டில் கேட்டேன். “மீன் வெட்டுற கத்தி போதும்டி எங்களுக்கு,” என்று விரட்டினார்கள். மாதா கோயிலில் சிஸ்டரிடம் கேட்டேன். “எதைச் சுடணும்மா?” என்றார். தட்டு என்றேன். “யாருடைய தட்டு?” என்றார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளையை ரேஞ்ச் வாசல்வரைக்கும் கொண்டுபோனேன். இசக்கி வெளியே வந்து அவளிடம் கேட்டதற்கெல்லாம், பாவம் கூச்சப்படுகிறாளே என்று நானே பதில் சொல்லிக் கொடுத்தேன். பேர், வயது, கண் பார்வை, எல்லாம். மறுநாள் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. என்ன ஜனங்களோ.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நீங்க ஒன்றுகூட உடைக்க வேண்டாம். சும்மா நிற்கிறதும் ஒரு வேலைதான், அதை இப்போது சொல்கிறேன். நில்லுங்க, சத்தம் கொடுங்க, சுடுங்க, தவறட்டும், திறங்க, நடந்து வாங்க. தோள் கொஞ்சம் கன்னும். எண்ணெய் நான் தருகிறேன். துப்பாக்கி கிளப்பிலேயே கொடுப்பார்கள். சனி ஞாயிறு வந்தால் போதும். ஞாயிறு மட்டும் வந்தாலும் போதும். காலையில் மட்டும். பாருங்க, எவ்வளவு இறங்கி வருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபம் வந்தால் என்ன செய்வீங்க? மூச்சை இழுத்து விட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வீங்களா? ஐயோ, திரும்பக் கூடாது டீச்சர்! அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்க. மூச்சு விடுகிறது சரி. மூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்க.

யோசிக்கணுமா?

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வந்ததை என் ஏலத்தில் நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்கிறவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிடுவேன். உங்களைப் பிடிக்கவில்லை. பாருங்க, கையை மடியில்தான் வைத்திருக்கிறேன். யோசிங்க.

இந்தா, பாளையங்கோட்டை வந்தாச்சு. பையை எடுத்துக்கொள்ளுங்க. வந்தீங்க என்றால் இசக்கித்துரை என்று கேளுங்க. எப்படித் தெரியும் என்று கேட்பான். நீங்களாகக் கேள்விப்பட்டு, ஆசைப்பட்டு வந்ததாகச் சொல்லுங்க. பஸ், மீன்காரி, ஒன்றும் வேண்டாம். நான் கொண்டுவருகிற ஆள் என்று தெரிந்தால் வினோலியா போட்டிக்குப் பேரே கொடுக்கமாட்டாளாம், இசக்கி சொன்னான். அதனால் என் பேரைக் கேட்காதீங்க, சொல்லமாட்டேன். ஊரே தெரிகிற பேர், உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

அவள் உங்களுக்குப் பக்கத்து நிலையில் நிற்பாள். ஒல்லியாக, இடது புருவத்தில் ஒரு தழும்பு. பேசமாட்டாள், தப்பாக நினைக்காதீங்க. தண்ணீர் வேணுமா என்று ஒரு தடவை கேளுங்க, வெயிலில் அவளுக்குத் தலை சுற்றும், சொல்லிக்கொள்ளமாட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்க. யாரிடம் சொல்வீங்க? சரி, சொல்ல வேண்டாம். பார்த்தால் போதும்.

இறங்குங்க, இறங்குங்க, விசில் அடிக்கிறான். யோவ், நிறுத்துய்யா, டீச்சர் இறங்குறாங்க, கண்ணு தெரியலையா! பார்த்து. வாங்க டீச்சர். ஞாயிற்றுக்கிழமை. காலையில!

போயிட்டாங்க.

இந்த சீட்டுல ஆள் இல்லைம்மா, உட்காரு. ஏ யாத்தே, அரிசி மூட்டையையா ஒத்தைக் கையில தூக்கிட்டு வாரே? துப்பாக்கியைத் தொட்டுப் பாத்ததுண்டா நீ?